இன்னொரு வல்லம்

ஒரகடம் கூட்ரோட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்றால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ‘வல்லம், வல்லம், வல்லக்கோட்டை’ என்று ஒரே மூச்சில் கூவுவது கேட்கும். வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளூர்க்காரர்களுக்கு வல்லம் என்றால் வல்லம்-வடகால் சிப்காட், கம்பெனி. வல்லக்கோட்டை என்றால் ஏழடி உயர முருகன், கிருத்திகைக் கூட்டம். அப்புறம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கம்பெனிப் பையன்களுக்காகக் கட்டிவிட்ட லைன் வீடுகள். ஒரே சுவரில் பத்துப் பன்னிரண்டு கதவு, கதவுக்கு நாலு பேர், வாசலில் ஒரு மலை செருப்பு.

எங்கள் தெருவின் லைன் வீட்டில் இருக்கும் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒருநாள் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். “எங்கூர்ப் பக்கத்துலயும் ஒரு வல்லம் உண்டு அண்ணாச்சி. குத்தாலம் போற வழியில” என்றான்.

“தெரியும். சிவசங்கரநாராயண பிள்ளை ஊர். கேள்விப்பட்டிருக்கியா?”

“யாரு அவரு?”

“பெரிய கணக்குப் பிள்ளை.”

“கணக்குப்பிள்ளையா, எந்தக் கம்பெனியில?”

சிரித்துவிட்டேன். ஆனால் அவன் மேல் தப்பில்லை. டிப்ளமோ படித்தவன், கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன், பிறந்தது அந்த வல்லத்திலிருந்து சில மைல் தூரத்தில். பன்னிரண்டு வருடப் பள்ளியிலும் மூன்று வருடப் பாலிடெக்னிக்கிலும் ஒருவர்கூட அவனுக்கு அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ராமானுஜன் பெயர் தெரியும், படம் பார்த்திருக்கிறான், 1729 தெரியும். அன்று அவனிடம் ஆட்டோவில் கத்திக் கத்திச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் கேள்வி. இதைச் சில்லறையை வைத்துச் சொல்வது சுலபம். ஒரு நாட்டில் 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களில் மட்டும் நோட்டு அடிக்கிறார்கள் என்று வையுங்கள். எந்தத் தொகையையும், மீதிச் சில்லறை வாங்காமல், அதிகபட்சம் எத்தனை நோட்டில் கொடுத்துவிடலாம்? 7 ரூபாய்க்கு ஒரு நாலும் மூன்று ஒன்றும், ஆக நான்கு நோட்டு வேண்டும். நான்குக்கு மேல் எந்தத் தொகைக்கும் தேவைப்படாது என்று 1770-ல் லக்ராஞ் நிறுவினார். கோடியானாலும் லட்சம் கோடியானாலும் நான்கே நோட்டு.

அதே 1770-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் வாரிங் என்பவர் தன் புத்தகத்தில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவைத்தார். கன எண்களில் (1, 8, 27, 64...) நோட்டு அடித்தால் ஒன்பது போதும், நான்காம் அடுக்குகளில் (1, 16, 81, 256...) அடித்தால் பத்தொன்பது போதும், இப்படியே மேலே. நிரூபணம் எதுவும் அவர் தரவில்லை. வாரிங் பிரச்சினை என்று கணித உலகம் அடுத்த இரண்டு நூற்றாண்டுகள் சுமந்தது இதைத்தான்.

பத்தொன்பது எங்கிருந்து வந்தது? 79 ரூபாய் கொடுக்க வேண்டியவனை நினைத்துப் பாருங்கள். 81 நோட்டு இருக்கிறது, இரண்டு ரூபாய் அதிகம், பயன்படாது. 16 நோட்டில் நான்கு போட்டால் 64. ஐந்தாவது போட முடியாது, 80 ஆகிவிடும். மீதி 15-ஐ ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்க வேண்டியதுதான். நான்கும் பதினைந்தும் பத்தொன்பது. பெரிய நோட்டு ஒரு சாண் தள்ளி நின்று கைக்கு எட்டாத தொகைதான் மோசமான தொகை. ஐந்தாம் அடுக்கில் இதே மாதிரித் தொகை 223. ஆறு 32-ம் முப்பத்தொரு 1-ம், ஆக 37 நோட்டு. ஆறாம் அடுக்கில் 703. பத்து 64-ம் அறுபத்து மூன்று 1-ம், ஆக 73.

இது வரைக்கும் பள்ளிக்கூடக் கணக்கு. 73-க்குக் குறைவாக முடியாது என்று காட்ட 703 என்ற ஒரே எண் போதும். ஆனால் 73-க்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவைப்படாது என்று எப்படிக் காட்டுவது? எண்கள் முடிவதில்லை. நம் கண்ணுக்கு எட்டாத ஏதோ ஒரு ஐம்பது இலக்க எண் 74 கேட்டு அடம்பிடிக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இதன் முழுக் கனமும் அங்கேதான். 1909-ல் ஹில்பர்ட் எந்த அடுக்கை எடுத்தாலும் ஏதோ ஒரு வரம்பு நிச்சயம் இருக்கிறது என்று மட்டும் காட்டினார். அது என்ன எண் என்பது அவர் வழியில் வெளிவரவில்லை. அதே ஆண்டு கனங்களுக்கு ஒன்பது என்று வீஃபரிஷ் நிறுவினார், அதில் இருந்த ஓட்டையை 1912-ல் கெம்ப்னர் அடைத்தார். நான்காம் அடுக்குக்கு 53 போதும் என்று லியூவில் 1859-லேயே காட்டியிருந்தார். 53 எங்கே, 19 எங்கே!

இந்தக் கேள்வியைப் பெருமளவு முடித்துவைத்தவர்தான் நம் வல்லத்துக்காரர்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். தாய் கோமதி அம்மாள் பிள்ளைக்கு ஒரு வயதாகும்போதே இறந்துவிட்டார். தகப்பனாரும் உறவில் ஒரு மூதாட்டியும் வளர்த்தார்கள். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் சிறுவனின் கூர்மையைக் கண்டுகொண்டார். செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு. வாஞ்சிநாதனின் ஊர் அது. ஆஷ் சுடப்பட்ட 1911-ல் இவருக்குப் பத்து வயது. பள்ளி இறுதி ஆண்டில் தகப்பனாரும் போய்விட்டார். படிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டும். சாஸ்திரியார் தன் பணத்தைக் கொடுத்துப் படிக்க வைத்தார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். அதனால் மேற்படிப்புப் பாதையும் தெற்கே போனது: நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, உதவித்தொகையில்.

எனக்கு இந்த சாஸ்திரியார் மேல் தனி மரியாதை. ராமானுஜன் கதையில் ஹார்டி இருக்கிறார், கேம்பிரிட்ஜ் இருக்கிறது, கனவில் நாமகிரித் தாயார் வருகிறாள். இந்தக் கதையில் இருப்பது சம்பளத்தில் பாதியை ஒரு பையனுக்காக எடுத்து வைக்கக்கூடிய மாதிரியான ஒரு வாத்தியார். அப்படிப்பட்டவர்களை நாம் எல்லோரும் ஓரிருவர் பார்த்திருக்கிறோம். கதையாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டோமோ என்னவோ.

1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அங்கே கே. ஆனந்த ராவ், ஆர். வைத்தியநாதசாமி என்று இரண்டு பேர். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர், ராமானுஜன் அங்கிருந்த காலத்திலேயே அங்கிருந்தவர். எண்ணியலின் புதிய கருவிகள் மதராஸுக்குக் கப்பலில் வந்து இறங்கியது இப்படிப்பட்ட ஆட்கள் மூலமாகத்தான். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அந்த ஆண்டே பிள்ளை அங்கே விரிவுரையாளர். அடுத்த பன்னிரண்டு வருடம் சிதம்பரம்.

அந்தக் காலத்து மதராஸ் மாகாணக் கணித உலகம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர் வி. ராமசாமி ஐயர், ஒரு டெபுடி கலெக்டர். ராமானுஜன் வேலை தேடித் திருக்கோவிலூருக்குப் போய்ப் பார்த்தாரே, அதே மனிதர். கல்லூரி ஆசிரியர்களும் அரசு அதிகாரிகளும் சந்தா கட்டி, வெளிநாட்டுப் பத்திரிகைகளைத் தபாலில் சுற்றுக்கு விட்டு, ஒரு சஞ்சிகை நடத்தினார்கள். பிள்ளையின் எழுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தியச் சஞ்சிகைகளில்தான் வந்தன. புகழுக்கு அது நல்ல வழியல்ல. ஆனால் ஒரு ஊரில் கணிதம் வேர்விட அதுதான் வழி.

இப்போது கருவி. 1918-ல் ராமானுஜனும் ஹார்டியும் ஒரு எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பதைக் கணக்கிட்டார்கள். 4-ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 200-ஐ? கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி விதமாக. துல்லியமாகச் சொன்னால் 3,972,999,029,388. இந்தக் கடைசி இலக்கம் வரைக்கும் அவர்கள் சூத்திரம் பிடித்தது. அதற்குள் இருந்த யுக்திக்குப் பிறகு வட்ட முறை என்று பெயர் வந்தது. திருவிழாவில் பத்துத் தெருவின் மேளமும் ஒன்றாகக் கேட்கும்போது, பக்கத்து மேளத்தின் தாளத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, மற்றதெல்லாம் சேர்ந்தாலும் வெறும் இரைச்சல்தான், இந்தத் தாளத்தை அழிக்காது என்று நிறுவுவது மாதிரி. இரைச்சலுக்கு வரம்பு கட்டுவதுதான் கஷ்டம். ராமானுஜன் 1920 ஏப்ரலில் இறந்துவிட்டார். அதே முறையை ஹார்டியும் லிட்டில்வுட்டும் வாரிங் பிரச்சினைக்குத் திருப்பினார்கள். 1930-களின் நடுவில் ரஷ்யாவில் வினகிராதோவ் இரைச்சலை அடக்க மிகக் கூர்மையான வழி கண்டார். கும்பகோணத்துக்காரர் கைபட்ட விதை கேம்பிரிட்ஜ், மாஸ்கோ என்று சுற்றிவிட்டுச் சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தது.

வட்ட முறைக்கு ஒரு குறை உண்டு. அது ‘போதுமான அளவு பெரிய’ எண்களுக்குத்தான் பேசும். எவ்வளவு பெரிய? எழுதினால் பக்கம் கொள்ளாத அளவு பெரிய. அதற்குக் கீழே இருப்பவை எண்ணிக்கையில் முடிவுள்ளவைதான், ஆனால் ஆயுசு போதாது. பிள்ளை செய்தது இந்த இரண்டு கரைக்கும் பாலம் போட்டது. கீழிருந்து, சின்ன எண்களில் ஒரு நீண்ட வரிசைக்கு நோட்டுக் கணக்கைச் சரிபார்த்து, ஒவ்வொரு பெரிய நோட்டாகச் சேர்த்துப் படியேறுவது. மேலிருந்து, வினகிராதோவின் முறையை இறுக்கி அந்தப் ‘போதுமான’ என்ற எல்லையைக் கீழே இறக்குவது. இரண்டும் நடுவில் சந்தித்துவிட்டால் இடைவெளியில் எந்த எண்ணும் ஒளிய முடியாது. 1936-ல் சந்திக்க வைத்தார். ஏழாம் அடுக்கு தொடங்கி மேலே எல்லாவற்றுக்கும், நான் முன்னே சொன்ன அந்த ‘எட்டாத பெரிய நோட்டு’த் தொகைதான் மிக மோசமானது, அதற்கு மேல் எதுவும் கேட்காது என்று. ஏழாம் அடுக்குக்கு அது 143.

ஒரு நிபந்தனையோடு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே 1936-ல் இதே முடிவைச் சிகாகோவில் லியோனர்ட் யூஜின் டிக்சனும் தனியாக எட்டினார். அவர் சாதாரண ஆளில்லை. எண்ணியலின் வரலாற்றை மூன்று பெரிய தொகுதிகளாக எழுதியவர், பெரிய மாணவர் கூட்டத்தை வைத்துக்கொண்டு வாரிங் பிரச்சினையைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தவர். பிள்ளையின் கட்டுரைகளில் ஒன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சஞ்சிகையில் வந்தது. சிதம்பரத்திலிருந்து அது உலகத்தில் எத்தனை மேசைகளுக்குப் போயிருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். யார் முந்தி என்று பஞ்சாயத்து வைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. சிகாகோவும் சிதம்பரமும் ஒரே வருடத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதே போதும்.

ஏழுக்கு மேலே முடிந்தது, கீழே நான்கும் ஐந்தும் ஆறும் பாக்கி. அடுக்கு சின்னதாக ஆக வினகிராதோவின் கருவிக்குப் பிடி கிடைக்காது. இடைவெளி மிகப் பெரிதாகிவிடும். ஆறை மட்டும் பிள்ளை விடவில்லை. 1940-ல் இந்திய அறிவியல் கழகத்தின் சஞ்சிகையில் பத்துப் பக்கச் சொச்சத்தில் விடை வந்தது: 73. கணினி இல்லாத காலம். பெரிய பெரிய வரம்புகளைக் கையால் போட்டுப் பார்த்து, ஒரு தசமத்தையும் வீணாக்காமல் இழுத்துக் கட்டிய வேலை.

ஆட்டோப் பையனுக்கு ஆனால் இதைவிடப் பிடித்தது வேறொன்று. அதுவும் 1940-ஐ ஒட்டிய வேலைதான். அதைச் சொல்ல எங்கள் தெரு லைன் வீடே போதும். வரிசையாகக் கதவுகள், அடுத்தடுத்த எண்கள். இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி ஒன்று இருந்தால் அவர்கள் சொந்தக்காரர்கள். 6-ம் 9-ம் மூன்று வழியில் சொந்தம். 8-க்கும் 9-க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சார்பகா எண்கள் என்று பாடப்புத்தகத்தில் வரும். கேள்வி இது: அடுத்தடுத்த கதவுகளில், மற்ற யாரோடும் சொந்தமில்லாத ஒரு தனியாள் கட்டாயம் இருப்பானா? பதினாறு கதவு வரைக்கும், வரிசையை எங்கே தொடங்கினாலும், கட்டாயம் இருப்பான் என்று பிள்ளை நிறுவினார். பதினேழு ஆனால் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. 2184-லிருந்து 2200 வரை பதினேழு கதவு. ஒருவன்கூடத் தனியாள் இல்லை.

போட்டுப் பாருங்கள். இரட்டை எண்கள் எல்லாம் 2 வழியில் ஒரே குடும்பம். 2185-ம் 2195-ம் ஐந்தில் முடிபவை, 2190-க்கும் 2200-க்கும் சொந்தம். 2187, 2193, 2199 மூன்றும் 3 வழி. மீதி 2189, 2191, 2197. பார்த்தால் அநாதைகள் மாதிரித்தான் நிற்கின்றன. 2189 என்பது 11 பெருக்கல் 199; வரிசையின் கடைசி வீட்டில் 2200, அதுவும் 11-ல் போகும். 2197 என்பது 13-இன் கனம். முதல் வீட்டு 2184 பதின்மூன்றில் போகும். 2191-ஐ இப்போது சொல்ல மாட்டேன். இதைப் பிள்ளை வேடிக்கைக்காகத் தேடவில்லை. அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் முழு வர்க்கமோ கனமோ எப்போதாவது கிடைக்குமா என்று ஒரு பழைய கேள்வி. பெருக்கப்படுபவர்களில் சொந்தமில்லாத தனியாள் ஒருவன் இருந்தால் அவன் தானாகவே வர்க்கமாகவோ கனமாகவோ இருந்தாக வேண்டும், அங்கே பிடித்துவிடலாம். அந்த வழி பதினேழில் மறித்துக்கொண்டது. கிடைக்கவே கிடைக்காது என்று 1975-ல் எர்டிஷும் செல்ஃப்ரிட்ஜும் வேறு வழியில் நிறுவினார்கள்.

நிபந்தனைக்கு வருகிறேன். ஆறாம் அடுக்கில் 3-இன் நோட்டு 729, 2-இன் நோட்டு 64. 729-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25. இரண்டையும் கூட்டினால் 36. இது 64-க்குள் அடங்குகிறது. அடங்கினால் பிள்ளையின் சூத்திரம் செல்லும். ஏழில்: 2187-ஐ 128-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 11, கூட்டினால் 28, அடங்குகிறது. (2187, லைன் வீட்டின் நான்காவது கதவு. எண்களோடு பழகினால் இப்படித் தெரிந்த முகங்கள் திரும்பத் திரும்ப எதிரே வரும்.) எந்த அடுக்கிலாவது மீதி மிகப் பெரிதாகி, கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் விடை சற்று மாறும், அந்தச் சந்தர்ப்பத்துக்கான விடையையும் 1940-களுக்குள் பல பேர் சேர்ந்து எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் அப்படித் தாண்டுகிற ஒரு அடுக்கை இன்றுவரை யாரும் கண்டதில்லை. 1957-ல் மாலர், அப்படி இருந்தாலும் எண்ணிக்கை முடிவுள்ளதுதான் என்று காட்டினார். 1990-ல் கணினியில் 47 கோடியே 16 லட்சம் அடுக்கு வரை பார்த்துவிட்டார்கள், ஒன்றுமில்லை. ஒன்றுகூட இல்லை என்ற நிரூபணமும் இல்லை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போனால் புள்ளிக்குப் பின்னால் என்ன வரும் என்ற, ஆறாம் வகுப்புப் பையனும் கேட்கக்கூடிய கேள்வியில் வந்து முட்டி நிற்கிறது. அதே 1940-ஐ ஒட்டி இந்த ஒன்றரையின் அடுக்குகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர் டி. விஜயராகவன், அவரும் தமிழர், ஹார்டியின் மாணவர், அழகப்ப செட்டியார் 1950-ல் சென்னையில் நிறுவிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநர்.

பிள்ளை 1941-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு கல்கத்தா. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானிய யூதக் கணிதர் எஃப். டபிள்யூ. லெவி அங்கே துறைத் தலைவர், அவர் அழைப்பு. பஞ்சமும் கலவரமும் பிரிவினையும் பார்த்த கல்கத்தாவில் மனிதர் எட்டு வருடம் பாடம் நடத்தினார், கட்டுரை எழுதினார்.

அப்போதுதான் இன்று பிள்ளை ஊகம் எனப்படுவதைக் கூர்மையாகச் சொன்னார். வர்க்கம், கனம், எல்லா அடுக்கு எண்களையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36... இவற்றுக்கிடையே உள்ள இடைவெளிகளைப் பாருங்கள். 8-க்கும் 9-க்கும் ஒன்று. 25-க்கும் 27-க்கும் இரண்டு. 125-க்கும் 128-க்கும் மூன்று. எந்த ஒரு இடைவெளியை எடுத்துக்கொண்டாலும் அது சில தடவைதான் வரும், பிறகு வராது என்றார் பிள்ளை. ஒன்று என்ற இடைவெளி 8, 9-க்குப் பிறகு வராது என்பதை 2002-ல் மிஹாய்லெஸ்கு நிரூபித்தபோது உலகச் செய்தி ஆனது. இரண்டுக்கே இன்னும் நிரூபணம் இல்லை. ஆறு என்ற இடைவெளியில் ஒரு ஜோடியைக்கூட யாரும் கண்டதில்லை.

1950-ல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்திலிருந்து ஒரு வருடத்துக்கு அழைப்பு வந்தது. ஐன்ஸ்டைன் இருந்த இடம். எண்ணியலில் அங்கே செல்பர்க் இருந்தார். ராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பைப் படித்துக் கணிதத்துக்கு வந்த நார்வேக்காரர். போகிற வழியில் ஹார்வர்டில் நடக்கும் உலகக் கணித மாநாட்டிலும் பிள்ளை கலந்துகொள்வதாக ஏற்பாடு. மாநாடு ஆகஸ்ட் 30-ல் தொடங்கியது. செல்பர்க்குக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது அந்த மாநாட்டில்தான். பிள்ளை ஏறியது பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் போகும் டி.டபிள்யூ.ஏ. விமானம். ஆகஸ்ட் 31 அதிகாலை கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் ஒரு எஞ்சினில் தீப்பிடித்தது. திரும்பி இறங்கப் பார்த்தார்கள். பாலைவனத்தில் விழுந்தது. 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எகிப்தியத் திரை நடிகை கமேலியாவும் அதில் இருந்தார். அந்த ஊரில் அந்த விபத்து அவருடைய சாவாகவே நினைவில் நிற்கிறது. பிள்ளைக்கு வயது 49.

மீதிக் கதையை மற்றவர்கள் முடித்தார்கள். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபித்தார். நான்காம் அடுக்கு, வாரிங் முதன்முதலில் சொன்ன 19, கடைசி வரைக்கும் இழுத்தது. 1986-ல் ஆர். பாலசுப்பிரமணியன், பிரான்ஸின் தெசூயே, திரெஸ் மூவரும் சேர்ந்து முடித்தார்கள். பாலசுப்பிரமணியன் பின்னாளில் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். லியூவிலின் 53-லிருந்து 19-க்கு வர 127 வருடம். அவரும் ஆர். தங்கதுரையும் பதிப்பித்த பிள்ளையின் முழுத் தொகுப்பு, இரண்டு தொகுதிகள், 2010-ல் ராமானுஜன் கணிதக் கழகம் வெளியிட்டது. பிள்ளை இறந்து அறுபது வருடம் கழித்து.

சென் ஜிங்ருன் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஆறு சதுர மீட்டர் அறையில் மண்ணெண்ணெய் விளக்கில் கணக்குப் போட்டவர். 1978 ஜனவரியில் ஷூ ச்சீ என்ற கவிஞர் ஒரு இலக்கியப் பத்திரிகையில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். நாடே படித்தது. சென் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார், ஒரு தலைமுறைச் சீனப் பிள்ளைகள் கணக்கில் மயங்கின. அந்தக் கட்டுரையில் வாசகர்களுக்குப் புரியாத கணிதச் சமன்பாடுகளையும் அவர் அப்படியே வைத்திருந்தார். இதை எழுதியது கணிதக்காரர் அல்ல, கவிஞர் என்பதுதான் என்னைக் குத்துவது. சிற்றிதழ்க் காலம் தொட்டு இங்கே நாம் பிரெஞ்சு நாவலாசிரியனின் பல்வலியைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறோம்.

ராமானுஜனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் சிறுவயதில் சில காலம் இருந்த காஞ்சிபுரம் வல்லக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். அவர் பிறந்த டிசம்பர் 22 தேசியக் கணித நாள். ஆனால் அவரைத் தெய்வச் செயலாக ஆக்கிவைத்த பிறகு ஒரு சாதாரணப் பையன் அவரைப் பார்த்துக் கும்பிடலாமே தவிர வேறென்ன செய்வது? பிள்ளையிடம் தெய்வச் செயல் எதுவும் இல்லை. வாத்தியார் காசில் படித்து, உதவித்தொகை வாங்கி, வேலைக்குப் போய், மாதச் சம்பளத்தில், தபாலில் வந்த பத்திரிகையை வைத்துக்கொண்டு, சிகாகோவை எட்டிப் பிடித்தவர். நம் பையன்களுக்கு இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கோபம்.

ஆட்டோவில் நான் இறங்கும்போது தென்காசிப் பையனிடம் அந்த மூன்றில் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு வந்தேன். அவனுக்கு அன்று நைட் ஷிஃப்ட். விடியற்காலை நாலரைக்கு வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி, பின்னால் மெஷின் இரைச்சல்:

“அண்ணாச்சி, 2191 ஏழுல போகுது. 313. மொத வீட்டு 2184-ம் ஏழுலதான் போகுது, 312. அடுத்தடுத்து! ஆமா, அந்தப் பதினாறு கதவுக்குக் கண்டிப்பா ஒருத்தன் இருப்பான்னு சொன்னீயளே, அத எப்படிக் காட்டுனாரு?”